கவிதாவின் பத்து நிமிடம்

லேப்டாப் திரையில் கவிதாவின் கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு ஒன்று ஒளிர்ந்து அணைந்தது. யாராவது பேசினால்தான் அந்தக் கோடு வரும். கவிதாவின் பெயரில் இணையக் கூட்டத்துக்குள் நுழைந்திருந்த போன், ஸ்டெல்லாவின் முழங்கைக்குப் பக்கத்தில், மடித்த துண்டின் மேல் மல்லாந்து கிடந்தது. அதன் மைக்கை அவள் இன்னும் திறக்கவில்லை. அறையில் பேசுவதற்கு அவளைத் தவிர ஆளும் இல்லை.

சிக்னல் கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கொல்லிமலையில் எதற்கும் இந்த ஒரு சமாதானம் கைவசம் இருக்கும். அதிகாரியின் போனை எடுக்காவிட்டாலும் சிக்னல், மாமியாரின் போனை எடுக்காவிட்டாலும் சிக்னல். இரண்டு வருடமாகச் செம்மேட்டில் இருந்து அவளும் அதைச் சொல்லப் பழகியிருந்தாள். பதினைந்து நாளைக்கு முன் ஒரு சாவு வீட்டில் நின்றுகொண்டுகூட அதைத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை நாலரை மணி. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிர்வீட்டுச் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தன. காயாத துணியின் புளித்த வாசனையும், பக்கத்து வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேகும் வாசனையும், அவற்றுக்கு அடியில் ஈர மண்ணின் வாசனையும் கலந்து அறையில் தேங்கியிருக்க, தகரக் கூரையின் விளிம்பிலிருந்து பனிநீர் அவசரமில்லாமல், விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப் திரையில் நான்கு கட்டங்கள். ஸ்டெல்லா. ராசிபுரத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் நந்தகுமார். சேந்தமங்கலத்தில் அங்கன்வாடி ஊழியரான யமுனா. நான்காவது கட்டத்தில் முகம் இல்லை, கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு பெயர் மட்டும். கவிதா.

கவிதா இறந்து பதினாறு நாள் ஆகிறது. அது கூட்டத்தில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"ரெக்கார்டிங் போட்டுரலாங்களா மேடம்?" என்று நந்தகுமார் கேட்டார். எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதர். இன்று கேமராவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"போட்டுரலாங்க," என்றாள் ஸ்டெல்லா.

தபாலில் புத்தகம் வரும், இணையத்தில் வகுப்பு நடக்கும் ஒரு தொலைநிலைப் பட்டயப் படிப்பு அது. ஊரக வளர்ச்சி. அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளரான ஸ்டெல்லாவுக்கு அந்தப் பட்டயம் கையில் வந்தால் மலையிலிருந்து இறங்க வழி உண்டு. அடிவாரப் பக்கம் காலியாக இருக்கும் ஓர் இடத்துக்கு அவள் பெயரைப் பரிந்துரைக்கிறேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அவளுடைய ஆறு வயது மகள் முள்ளுக்குறிச்சியில் அம்மாவிடம் வளர்கிறாள். ஞாயிறு காலை பஸ் பிடித்து இறங்கிப் போய், மத்தியானம் குழந்தைக்குத் தலைவாரிவிட்டு, அது அழ ஆரம்பிப்பதற்குள் திரும்பி ஏறிவிட வேண்டும். இந்த ஓட்டத்தை நிறுத்த அவள் என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்று அவளே பலமுறை சொன்னதுண்டு. என்ன வேண்டுமானாலும் என்பதற்கு என்ன அர்த்தம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கடைசியாக மிச்சமிருந்தது குழு உரையாடல். நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், நாற்பது நிமிடப் பதிவு. தொலைவில் இருந்து படிக்கிறவர்கள் தனியாகப் படித்துவிட்டுப் போய்விடக் கூடாது, சேர்ந்து பேசிப் படிக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி. ஒருவர் பத்து நிமிடம் பேசாவிட்டாலும் நால்வருக்கும் மதிப்பெண் கிடையாது. புதுக் குழு சேர்த்து அடுத்த வருடம் மறுபடி செய்ய வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். கவிதா இறந்ததை இவர்கள் இன்னும் படிப்பை நடத்துகிறவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. மார்க் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. "போன புள்ள பேருக்கும் ஒரு சர்டிபிகேட் வரட்டுமே மேடம், அதுவும் புண்ணியந்தானுங்க," என்று நந்தகுமார் சொன்னபோது ஸ்டெல்லாவுக்கு அவர் மேல் நன்றியும் அருவருப்பும் சேர்ந்தே வந்தன.

கவிதாவின் பாஸ்வேர்ட் அவளிடம் இருந்தது. சிக்னல் கிடைக்காதவர்களுக்காகக் குழுத் தலைவியான அவளே கட்டுரைகளைப் பதிவேற்றிக் கொடுப்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். குரலும் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் கவிதா அனுப்பிய குரல் செய்திகள் நாற்பதுக்கு மேல். ஒரு வாரமாக ஸ்டெல்லா அவற்றைக் கேட்டுக் கேட்டு, குளியலறையில் வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தக் குரலில் பேசிப் பழகினாள். சொல்லின் முடிவைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். முதல் நாளே நன்றாக வந்தது.

நந்தகுமார் பேச ஆரம்பித்தார். மலைக் கிராமங்களில் இணையவழிக் கற்றல் என்பது தலைப்பு. அவர் புள்ளிவிவரங்களைப் படித்துக்கொண்டிருக்க, ஸ்டெல்லாவின் கண் நான்காவது கட்டத்தை விட்டு நகரவில்லை.

பச்சைக் கோடு. அணைந்தது. மறுபடி பச்சைக் கோடு.

இந்த முறை கொஞ்சம் நீளமாக.

*

பதினாறு நாளைக்கு முன் ஒரு வியாழக்கிழமை. இதே தலைப்பு, இதே நான்கு கட்டங்கள். கவிதா கடைசியாக வந்து சேர்ந்தாள். கொல்லிமலையின் திருப்புலி நாடு ஊராட்சியில் அவளுடைய ஊரில் டவர் இல்லை. அப்பாவின் மிளகுத் தோட்டத்தைத் தாண்டி, சரிவின் ஓரத்தில் நிற்கும் பாறை மேல் ஏறினால்தான் இரண்டு கோடு கிடைக்கும். அவள் பேச்சை ஆரம்பிப்பதே ஒரே மாதிரிதான். "அக்கா, கேக்குதுங்களா?" என்பாள். மற்ற மூவரும் ஒரே குரலில் "கேக்குது கவிதா" என்பார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண் அதற்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பாள்.

அன்றும் கேட்டாள். அன்றும் சொன்னார்கள்.

"அக்கா, மழ வாருதுங்க. நான் மொதல்ல பேசிட்டுப் போயிரட்டுங்களா?"

"வரிசை கெட்டுரும் கவிதா. உன்னோடது முடிவுரைக்கு முன்னாடி வரணும். கொஞ்சம் பொறுத்துக்கோ," என்றாள் ஸ்டெல்லா.

அவள் போனிலிருந்து காற்றின் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. நந்தகுமாரின் பேச்சு அதில் அமுங்கியது. ஸ்டெல்லா கவிதாவின் மைக்கை மூடினாள். கவிதா தானாகத் திறக்க முடியாதபடி பூட்டும் போட்டாள். உன் முறை வரும்போது நானே திறக்கிறேன் என்று எழுதி அனுப்பினாள். கூட்டம் நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

யமுனா பேசிக்கொண்டிருந்தபோது கவிதாவின் கட்டத்தில் மஞ்சள் கை எழுந்தது. ஏதோ சொல்ல வேண்டும் என்று கேட்கிற அடையாளம். பதிவில் அசிங்கமாகத் தெரியும் என்று ஸ்டெல்லா அதை இறக்கிவிட்டாள். உடனே மறுபடி எழுந்தது. இறக்கினாள். மறுபடி. 'கவிதா கை தூக்கறாங்க' என்று நந்தகுமார் அரட்டைப் பெட்டியில் எழுதினார். 'அப்புறம் பாக்கலாம்' என்று ஸ்டெல்லா எழுதினாள். யமுனாவும் அதைப் படித்தாள், தொடர்ந்து பேசினாள். மழைக்கு முன் ஓட வேண்டும் என்று அவசரப்படுகிறாள், பொறுமை இல்லாத பெண், நாம் மட்டும் வேலை வெட்டி இல்லாமலா உட்கார்ந்திருக்கிறோம் என்று ஸ்டெல்லாவுக்குக் கோபம்கூட வந்தது. எட்டு முறை இறக்கினாள். ஒன்பதாவது முறை, கை தூக்கும் வசதியையே நிறுத்திவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்துக் கவிதாவின் முறை வந்தது. மைக்கைத் திறந்தாள். மழை மட்டும் கேட்டது. மழைக்குள் மூச்சு போல ஒன்று. பிறகு அந்தக் கட்டம் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. சாவு வீட்டில், கவிதாவின் அண்ணன் தமிழ்செல்வன் அவளை ஓரமாக அழைத்துப்போய் நின்றான். முப்பது வயது இருக்கும். அழுது அழுது கண் இரண்டும் இடுங்கியிருந்தன.

"பாறை வழுக்கி உட்டுருச்சுங்க. கால் முறிஞ்சு இடுக்குல கெடந்துருக்குது. போனு கீழ சந்துக்குள்ள உழுந்துருச்சு. கை போகாதுங்க அதுல, ஒத்த வெரல்தான் போகும். நாங்க மழைக்கு ஊட்டுக்குள்ள இருந்தோம், கத்துனாலும் கேக்காது. விடிய விடிய நனைஞ்சுதாங்க உசுரு போயிருக்குது." துண்டால் முகத்தைத் துடைத்தான். "உங்ககூடத்தானுங்க பேசிட்டு இருந்தா. கடைசியா ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"இல்லீங்க," என்றாள் ஸ்டெல்லா. "சிக்னல் போயிருச்சு."

அவன் தலையாட்டினான். அவள் சொன்னதை அப்படியே நம்பினான். அன்று இரவு அவள் பதிவை அழித்தாள். சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று மற்ற இருவருக்கும் எழுதினாள். ஒருவரும் எப்படி என்று கேட்கவில்லை. ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். இந்தப் பொய்க்கு இரண்டு போதுமானதாக இருந்தது. மூன்றாவதைத்தான் இப்போது செய்துகொண்டிருந்தார்கள்.

*

யமுனா பேச ஆரம்பித்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். நான்காவது கட்டத்தில் மஞ்சள் கை எழுந்தது.

ஸ்டெல்லாவின் விரல் அதை இறக்கிவிட்டது.

நினைப்பதற்கு முன்பே இறக்கிவிட்டது. பழக்கதோஷம். பிறகுதான் அவள் துண்டின் மேல் கிடந்த போனைப் பார்த்தாள். அதன் திரை மங்கி அணைந்து கிடந்தது. அவள் கை படவில்லை. யார் கையும் படவில்லை. யமுனாவின் பேச்சு ஓர் இடத்தில் தடுக்கி நின்று, மறுபடி தொடர்ந்தது. அவளும் பார்த்திருக்கிறாள். நந்தகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரும் பார்த்திருக்கிறார். மூவரும் பார்த்தார்கள், மூவரும் சும்மா இருந்தார்கள். இதிலாவது குழுவாகச் செயல்படுகிறோம் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று கசப்பாகச் சொல்லிக்கொண்டது.

கை மறுபடி எழுந்தது. அவள் இறக்கவில்லை. அப்படியே விட்டாள். கறுப்புக் கட்டத்தின் மூலையில் அந்தச் சின்ன மஞ்சள் கை நின்றுகொண்டே இருந்தது.

தன் முறை வந்தபோது ஸ்டெல்லா என்ன பேசினாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. காகிதத்தில் இருந்ததைப் படித்தாள். படிக்கும்போது கூரையின் சொட்டு நின்றுவிட்டிருப்பதைக் கவனித்தாள். கிழங்கு வேகும் வாசனையும் இல்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. நனைந்த மிளகுக் கொடி. பாறைப் பாசி. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் எங்கிருந்தோ காற்று வந்து காகிதத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தது.

ஐந்து மணி. பத்து நிமிடம். இன்னும் பத்தே நிமிடம். அதன் பிறகு பதிவேற்றம், மார்க், மாறுதல், முள்ளுக்குறிச்சி. தினமும் பாப்பாவுக்குத் தலைவாரிவிடலாம். தமிழ்செல்வன் ஐந்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். படிப்பில் சேரும்போது சரிபார்க்கக் கொடுத்த கவிதாவின் ஒரிஜினல் சான்றிதழ்கள் ஸ்டெல்லாவிடம்தான் இருந்தன. அவன் வருவதற்குள் முடிந்துவிடும். காகித உறையை எடுத்து மேஜை மேல் தயாராக வைத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கதவிடுக்கு வழியாகவே கொடுத்து அனுப்பிவிடலாம்.

லேப்டாப்பின் மைக்கை மூடினாள். போனின் மைக்கைத் திறந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சொல்லின் முடிவை மேலே தூக்கி, கேட்டாள்.

"அக்கா, கேக்குதுங்களா?"

"கேக்குது கவிதா," என்றனர் இருவரும்.

பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு இருவர் முகமும் வெளுத்தது.

ஸ்டெல்லா படிக்கத் தொடங்கினாள். எங்கள் ஊரில் ஒன்பது பேர் படிக்கிறோம். அதில் ஆறு பேரிடம் சொந்தமாகப் போன் கிடையாது. அவள் பேசியது அரை நொடி தாமதமாக லேப்டாப்பின் ஸ்பீக்கரிலிருந்து திரும்பிக் கேட்டது. இரண்டு கருவியை ஒரே அறையில் வைத்தால் அப்படித்தான் எதிரொலிக்கும். சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டியவள், பாதியிலேயே நிறுத்தினாள்.

"ஆறு பேரிடம் சொந்தமாகப் போன் கிடையாது," என்று அவள் படித்திருந்தாள்.

"ஆறு பேருகிட்ட போனே இல்லீங்க அக்கா," என்று எதிரொலி சொன்னது.

அதே குரல். அவள் பழகிய குரல். ஆனால் காகிதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. நாம்தான் மாற்றிச் சொல்லிவிட்டோமோ என்று அடுத்த வரியை ஒவ்வொரு சொல்லாக அழுத்திப் படித்தாள். பாறை மேல் ஏறினால்தான் இணைப்பு கிடைக்கும்.

"பாறை மேல ஏறுனாத்தானுங்க டவர் கெடைக்கும். மழைக்கு வழுக்கும்."

மழைக்கு வழுக்கும் என்று அவள் படிக்கவே இல்லை.

அரட்டைப் பெட்டியில் நந்தகுமார் எழுதினார்: 'மேடம் அப்படியே கவிதா மாதிரியே இருக்குது. பயமா இருக்குது.'

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். குரல் நிற்கவில்லை. ஏனென்றால் அது இப்போது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. காகிதம் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, குரல் தொடர்ந்து போனது. அவள் வாயை மூடப் பார்த்தாள். பல்லைக் கடிக்கப் பார்த்தாள். தாடை அவள் பேச்சைக் கேட்கவில்லை. தன் தொண்டைக்குள் வேறொருத்தியின் மூச்சு ஏறி இறங்குவதை அவள் உணர்ந்தாள். ஈரமான மூச்சு. மிகவும் களைத்த மூச்சு.

கதவு தட்டப்பட்டது.

"ஏனுங்க அக்கா, நான் தமிழ்செல்வனுங்க. சர்டிபிகேட் வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க. மூடுபனி எறங்கிருச்சு, பஸ்சு இருக்குதோ என்னவோ, அதான் வெரசா வந்துட்டனுங்க."

போ, என்று ஸ்டெல்லா நினைத்தாள். போய்விடு. நாளைக்கு வா. கடவுளே, இவனைப் போகச் சொல்.

"அண்ணா," என்றது அவள் வாய்.

வெளியே சத்தம் நின்றது. கதவின் மேல் உள்ளங்கை ஒன்று மெதுவாகப் பதிந்தது.

"கவிதா?"

"கேக்குதுங்களாண்ணா?"

"கேக்குது சாமி. கேக்குது. சொல்லு."

"மழ வாருதுன்னு சொன்னனுங்ண்ணா. மொதல்ல பேசிட்டுப் போயிர்றேன்னேன். வரிசை கெட்டுரும்னாங்க. வழுக்கிருச்சு. கால் மடங்கிப்போச்சு. போனு சந்துக்குள்ள உழுந்துருச்சு. ஒத்த வெரலுதாங்ண்ணா எட்டுச்சு. கத்திப் பாத்தேன், மைக்க மூடிட்டாங்க. கை தூக்கற பட்டன அமுத்துனேன். எறக்கிட்டாங்க. மறுக்கா அமுத்துனேன். எறக்கிட்டாங்க."

"மேடம்," என்றார் நந்தகுமார். ஸ்பீக்கர் அணைந்திருந்தும் அவர் குரல் கேட்டது. "போதும் மேடம். நிறுத்துங்க. ஏன் இப்படிப் பண்றீங்க?" யமுனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி யமுனாவின் கட்டம் மறைந்தது. நந்தகுமார் ஸ்டெல்லாவைப் பார்த்தார். நேராகக் கேமராவுக்குள், முதல்முறையாக. பிறகு அவரும் போய்விட்டார்.

இரண்டு கட்டங்கள் மிஞ்சின. கவிதா என்ற கட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு அணையாமல் எரிந்தது. ஸ்டெல்லா என்ற கட்டத்தில் அவள் முகம் இருந்தது. மூலையில் மூடிய மைக்கின் சிவப்புக் குறி.

"ஆரு சாமி எறக்குனது?" தமிழ்செல்வன் கேட்டான்.

வேண்டாம். வேண்டாம் கவிதா. நானே சொல்கிறேன். கதவைத் திறந்து நானே அவன் காலில் விழுந்து சொல்கிறேன். என் குரலில் சொல்ல விடு. தப்பு என்னுடையது, எனக்குத் தெரியும், பதினாறு நாளாக வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

"ஸ்டெல்லா அக்காங்ண்ணா. எட்டுத் தரம்."

அவள் காத்திருந்தாள். கதவை உதைப்பான். கத்துவான். அதுகூடத் தேவலை. ஊர் கூடட்டும், போலீஸ் வரட்டும். அவனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அத அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு," என்றான். கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில். "இப்ப நீ எங்க இருக்கற?"

"இங்கதாங்ண்ணா. குளுருது."

"கதவத் தெற."

"எந்திரிக்க முடியலீங்ண்ணா."

ஸ்டெல்லா எழுந்தாள். எழுந்ததாக நினைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே, கால் போகக் கூடாத பக்கமாகத் திரும்பியிருந்தது. வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலி சாய்ந்தது. சிமெண்டுத் தரை கன்னத்தில் பட்டது. தரை இல்லை. பாறை. பாசி. ஈரம். கண்ணுக்கு நேரே மேஜைக்கால் தெரிந்தது, அதன் பின்னால் மூடுபனி. அறைக்குள் மூடுபனி. எப்போது வந்தது? கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில்.

நகர்ந்தாள். ஒரு கை. இன்னொரு கை. சத்தம் போடு. ஒரே ஒரு சொல். ஸ்டெல்லா. என் பெயர் ஸ்டெல்லா. வாய் திறந்தது. மூச்சு மட்டும் வந்தது.

வெளியே தமிழ்செல்வன் கீழே படுக்கிற சத்தம். ஈரத்தில் ஊறி அடிக்கட்டை அரித்துப்போன கதவு அது. தரைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில் வெளிச்சம் மறைந்தது. ஒரு கை உள்ளே வந்தது. விவசாயியின் கை, காய்ப்பு ஏறியது.

"கையக் குடு சாமி. கையக் குடு, நான் புடிச்சுக்கறேன்."

ஸ்டெல்லா தன் கையைப் பின்னுக்கு இழுத்தாள். அது முன்னே போனது. அவள் தோளிலிருந்து தொடங்கிய கைதான். ஆனால் மணிக்கட்டுக்கு அப்பால் தோல் வெளுத்து, நனைந்து சுருங்கியிருந்தது. ஆள்காட்டி விரலின் நகம் பாதி பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் பாறைத் துகள்.

அவன் அந்த விரலைப் பிடித்தான். பிடித்ததும் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் விம்மி விம்மி அழுவது கேட்டது. சந்தோஷத்தில் அழுகிற அழுகை.

"அம்மா சோறு திங்காமக் கெடக்குது உன்னைய நெனச்சு. நாலு பேரக் கூப்புட்டுக் கதவ ஒடச்சு, இப்பவே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். வாரியா சாமி?"

நாளைக்கு ஞாயிறு. முள்ளுக்குறிச்சி பஸ் ஸ்டாப்பில் ஒரு குழந்தை தலைவாராமல் நிற்கும். ஸ்டெல்லா தன்னிடம் மிச்சமிருந்த அத்தனை பலத்தையும் திரட்டி, நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினாள். அறையில் எந்தச் சத்தமும் எழவில்லை. மேஜை மேல் லேப்டாப்பில் இரண்டு கட்டங்களில் ஸ்டெல்லா என்றது அணைந்தது.

"சரீங்ண்ணா," என்றது அவள் வாய். "கைய உட்றாதீங்க."